நடந்த கதையும் சொன்ன கதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் எனப் பல பகுதிகளில் வாழும் தமிழர்கள் சிலர் கூடிப் பழந்தமிழ்க் காப்பியங்களை வரிவரியாக வாசித்து வருகிறோம். எந்த நூலைக் கையில் எடுத்தாலும் "இதெல்லாம் உண்மையா?" என்ற கேள்வி விரைவிலேயே எழுந்துவிடுகிறது. கேட்பவர் சில நேரம் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் இளைஞர், சில நேரம் பேரனை அழைத்து வந்த பாட்டி. அவர்கள் கேட்டவற்றையும், என் வாசிப்பில் எனக்குத் தெளிவான விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கூட்டத்தில் அனைவருக்கும் இவை உடன்பாடு என்று சொல்லமாட்டேன்.

புராணக் கதைகள் நடந்தவையா, இல்லையா? ஒரே சொல்லில் விடை தரக் கூடாதா?

பெரும்பாலானவை, இன்று நாம் கேட்கும் வடிவில், நடந்தவை அல்ல. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவதே கேட்பவருக்கு நாம் செய்யும் மரியாதை. ஆயினும் ஒரு கதையை நோக்கிக் கேட்கத்தக்க கேள்விகளில் அது ஒன்று மட்டுமே. இன்ன ஆண்டில் இன்ன ஊரில் இது நடந்தது என்று ஒருவர் சொன்னால் கல்வெட்டையோ நாணயத்தையோ அகழாய்வையோ காட்டச் சொல்ல வேண்டும். கதை என்று சொல்லித் தந்தால், மனிதர் ஆசைப்படுவதையும் அஞ்சுவதையும் பிழை செய்வதையும் அது சரியாகப் பார்த்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். இரண்டுமே கடுமையான சோதனைகள். ஒன்றில் தேறியதாலேயே மற்றதிலும் தேறிவிட்டதாகக் கொள்வதில்தான் இந்தக் குழப்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அவித்த பயற்றால் பெங்களூருக்குப் பெயர் வந்ததாகச் சொல்லும் கதை உண்மையா?

இந்த ஊரில் வளரும் பிள்ளைகள் சிறு வயதிலேயே கேட்டுவிடும் கதை அது. ஹொய்சள மன்னர் இரண்டாம் வீர வல்லாளர் வேட்டைக்குப் போன இடத்தில் வழி தவறிப் பசியோடு அலைந்தார் என்றும், குடிசையில் இருந்த கிழவி ஒருத்தி அவித்த பயற்றைக் கொடுத்து அவர் பசியாற்றினாள் என்றும், நன்றி மறவாத மன்னர் அந்த இடத்துக்கு வெந்த பயற்றின் பெயரையே, கன்னடத்தில் 'பெந்தகாளூரு' என்று, இட்டார் என்றும் சொல்வார்கள். அவருடைய ஆட்சிக்காலம் 1173 முதல் 1220 வரை. ஆனால் நகரின் தெற்கே பேகூர்க் கோயிலில், கங்கர் காலத்தில் ஏறத்தாழ 890ஆம் ஆண்டில் வெட்டப்பட்ட பழங்கன்னட வீரக்கல் கல்வெட்டு ஒன்று, பெங்களூர்ப் போரில் மாண்ட வீரனைப் பற்றிப் பேசுகிறது. மன்னர் பட்டத்துக்கு வருவதற்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே ஊரும் இருந்தது, அதன் பெயரும் இருந்தது. ஆகவே பெயர்க்காரணம் என்ற அளவில் அந்தக் கதை தவறு.

அதற்காக அந்தக் கிழவியைத் துரத்திவிட எனக்கு மனமில்லை. மன்னனைக் கோட்டை கட்டியவனாகவும் பகை வென்றவனாகவும் காட்டும் ஊர்க்கதைகள் ஏராளம். ஓர் ஏழையின் வாசலில் பசித்து நிற்பவனாகக் காட்டுபவை குறைவு. பிழைப்புத் தேடி இந்த நகரத்துக்கு வந்து, முதல் நாள் இரவு யாரோ ஒருவர் வீட்டில் உண்டு வாழ்க்கையைத் தொடங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தக் கதையில் என்ன இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. அதன் மதிப்பு அங்கே இருக்கிறது, ஊர்ப்பெயரில் இல்லை.

பழங்காலத்தவருக்குக் கதையையும் உண்மையையும் பிரித்தறியத் தெரியாது என்பது சரியா?

சரியில்லை. இந்தக் கருத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது, ஏனெனில் நம்மிடம் இருக்கும் நூல்களே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன.

தொல்காப்பியம், செய்யுளில் வரும் அக ஒழுக்கத்தை நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்தது என்று வரையறுக்கிறது. உலகில் நடப்பதும் வேண்டும், புனைந்துகொள்வதும் வேண்டும், இரண்டும் சேர்ந்தே பாடல் என்பது அதன் நிலைப்பாடு. அதோடு நில்லாமல், அகத்திணைப் பாடலில் வரும் தலைவனையும் தலைவியையும் யாருடைய இயற்பெயராலும் சுட்டக் கூடாது என்றும் விதிக்கிறது. பாரி, அதியமான், கிள்ளி என்று பெயர் சொல்லிப் பாட வேண்டுமானால் அது புறத்திணைக்கு உரியது. பெயர் வந்தால் அந்தப் பாட்டு ஒரு மனிதரைப் பற்றிய கூற்றாகிவிடும். பெயர் இல்லாதபோதுதான் அது காதலிக்கும் எல்லாருக்கும் பொதுவாகும்.

இந்த விதியை எவ்வளவு நுணுக்கமாகக் கடைப்பிடித்தார்கள் என்பதற்கு நெடுநல்வாடையே சான்று. நக்கீரர் பாடிய அந்தப் பத்துப்பாட்டு நூலில் கூதிர்க்கால இரவு, தலைவனைப் பிரிந்து கட்டிலில் வருந்தும் அரசி, பாசறையில் புண்பட்ட வீரர்களைப் பார்க்கப் போகும் அரசன் என எல்லாமே அகப்பாட்டின் தோற்றத்தில் வருகின்றன. எங்கும் பெயர் இல்லை. ஆனால் அரசனோடு செல்பவன் ஏந்திய வேலின் தலையில் வேப்பந்தார் கட்டியிருப்பதாக ஒரு வரி வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஒற்றைக் குறிப்பால் தலைவன் இன்னார் என்று தெரிந்துவிடுவதால், இது அகம் ஆகாது, புறமே என்று உரைகாரர் தீர்த்துவிட்டார். புனைவுக்கும் ஆளைச் சுட்டும் பேச்சுக்கும் இடையே வேப்பிலை அளவு எல்லை வைத்திருந்தவர்களைப் பார்த்து, பிரித்தறியத் தெரியாதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

மணிமேகலை இன்னும் ஒரு படி மேலே போகிறது. வஞ்சி நகரில் பல சமயத்தாரையும் கண்டு அவரவர் கொள்கையை மணிமேகலை கேட்டறியும் பகுதியில், வைதிகவாதி ஒருவர் உண்மையை அறியும் வழிகளாகப் பத்து அளவைகளைக் கூறுகிறார். கண்டறிவதும் கருதி அறிவதும் அவற்றுள் முதன்மையானவை. ஐதிகம் என்பதும் ஒன்று. உலகத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் பேச்சு அது. 'இந்த மரத்தில் ஒரு பேய் இருக்கிறது' என்று நம்புவதை அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறார். பின்னர் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த நெறியை உரைக்கும்போது, காட்சியும் கருத்தும் ஆகிய இரண்டு அளவைகளே போதும் என்று முடிக்கிறார். அட்சய பாத்திரமும் வானில் பறக்கும் மந்திரமும் வரும் காப்பியம் இது. அதே காப்பியம் தன் தலைவிக்கு, காதால் கேட்டதைச் சான்றாகக் கொள்ளாதே என்று பாடம் சொல்லித் தருகிறது.

கண்ணகி உண்மையில் வாழ்ந்தவரா?

அப்படி ஒரு பெண் இருந்திருக்க இடமுண்டு. 'ஒருமுலை அறுத்த திருமாவுண்ணி' என்று நற்றிணை 216ஆம் பாட்டு ஒருத்தியைக் குறிக்கிறது. அவள் துயரம் அங்கே எல்லாரும் அறிந்த செய்திபோல வந்துபோகிறது. காப்பியம் எழுவதற்கு முன்பே இப்படி ஒரு கதை மக்களிடையே வழங்கியது என்று கொள்ள இது உதவும். கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் வந்திருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுவதை வைத்து, அவனை இலங்கை வரலாற்றில் வரும் முதலாம் கஜபாகுவாகக் கொண்டு காலக்கணக்கு போட்டவர்கள் உண்டு. அது வலுவற்றது என்று மறுத்தவர்களும் உண்டு. மதுரை எரிந்ததை அகழாய்வில் தேடிக் காட்டியாக வேண்டும் என்று நான் கருதவில்லை.

நான் கூட்டத்தில் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வது வழக்குரை காதையைத்தான். அங்கே நடப்பது ஒரு விசாரணை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் பாண்டியன். கண்ணகி, என் கால் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எம்முடைய சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன் வைக்கிறார்கள். அவள் அதை உடைக்கிறாள். மாணிக்கப் பரல் ஒன்று அரசனின் முகத்தருகே தெறிக்கிறது. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட நானோ அரசன், நானே கள்வன் என்று சொல்லி அவன் உயிர் விடுகிறான்.

அந்த அவையில் தெய்வம் எதுவும் அசரீரியாக வந்து தீர்ப்பு சொல்லவில்லை. இரண்டு கூற்றுகள் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டில் எது மெய் என்பதை எவரும் கண்ணால் காணக்கூடிய ஒரு பொருள் முடிவு செய்கிறது. பொற்கொல்லன் கட்டிய கதையைச் சோதிக்காமல் நம்பியதே அரசனின் குற்றம், 'தேரா மன்னா' என்று கண்ணகி அவனை விளிப்பதும் அதனால்தான். பொய்க்கதை ஒன்றை ஆராயாமல் ஏற்றால் ஓர் அரசு என்ன ஆகும் என்பதையே தன் உயிர்நிலையாகக் கொண்ட காப்பியம் அது. கண்ணகி பிறந்த தேதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அந்த அவைக்களத்தில் நடந்ததன் உண்மை கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை.

கதைகளுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்தால் வதந்திக்கும் இடம் கொடுத்ததாகாதா?

இது மிகவும் நியாயமான கேள்வி. 2018 மே மாதம் பெங்களூரின் சாமராஜபேட்டையில், ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த ஓர் இளைஞரை, பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணிய கூட்டம் கட்டிவைத்து அடித்துக் கொன்றது. கைப்பேசிகளில் வாட்ஸ்அப் வழியே அப்போது சுற்றிக்கொண்டிருந்த வதந்திதான் காரணம். அதற்கு முன் 2012 ஆகஸ்டில், தங்களைத் தாக்கப்போகிறார்கள் என்ற வதந்தியால் வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் இந்த நகரத்தின் ரயில் நிலையத்தில் குவிந்து ஊர் திரும்பினார்கள்.

அந்தச் செய்திகளைப் பரப்பியவர்களில் எவரும் "ஒரு ஊரிலே" என்று தொடங்கவில்லை. நேற்று நடந்தது, பக்கத்துத் தெருவில் நடந்தது, என் உறவினர் பார்த்தார் என்றே சொன்னார்கள். கதை தன்னைக் கதை என்று அறிவித்துக்கொண்டு வருகிறது; வதந்தி செய்தியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகிறது. முன்னதைக் கேட்பவர் கண்கலங்கலாம், சிந்திக்கலாம், மறந்தும் போகலாம். பின்னதைக் கேட்பவரிடம் உடனே ஏதாவது செய் என்ற அவசரம் இருக்கும். கதை கேட்டுப் பழகியவர்களுக்கு வதந்தியை அடையாளம் காண்பது எளிது என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஆனால் கதை எங்கே முடிந்து கூற்று எங்கே தொடங்குகிறது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சாமராஜபேட்டையில் அன்று கூடியவர்களிடம் பொறு, விசாரிப்போம் என்று சொல்லி நிறுத்த ஆளில்லை. பாண்டியன் அவையில் இருந்ததும் அதே குறைதான்.

'பொய்மையும் வாய்மை இடத்த' என்று வள்ளுவரே சொல்லியிருக்கும்போது, நல்ல நோக்கத்துக்காக வரலாற்றைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன?

குறளை முழுதாகப் படிக்க வேண்டும். 'புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்' என்பது அதன் நிபந்தனை. குற்றம் சிறிதும் கலவாத நன்மை விளைந்தால் மட்டுமே அந்த இடம் உண்டு. தன் இனத்தின் பழமையை மிகைப்படுத்துவதில் பிறர் மீதான இளக்காரம் எப்படியாவது கலந்துவிடும். அந்த நன்மை புரை தீர்ந்தது ஆகாது.

அப்படியானால் குமரிக்கண்டமும் மூன்று சங்கங்களும்?

எங்கள் கூட்டத்தில் குரல் உயர்ந்துவிடும் இடம் இதுதான். தாய்நிலத்தை விட்டு வந்து வாழ்பவர்களுக்குக் கடலில் மூழ்கிய தாய்நிலம் பற்றிய நினைவு எவ்வளவு நெருக்கமானது என்பது எனக்குப் புரிகிறது. ஆகவே பொறுமையாகப் பிரித்துப் பார்ப்போம்.

நூல்களில் உள்ளது இது. பஃறுளி ஆற்றையும் பல மலைத்தொடர்களையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டது என்று சிலப்பதிகாரம் பாடுகிறது. இறையனார் களவியல் உரை, முதற்சங்கம் 4,440 ஆண்டும் இடைச்சங்கம் 3,700 ஆண்டும் கடைச்சங்கம் 1,850 ஆண்டும் நடந்தன என்று கணக்குச் சொல்கிறது. இம்மூன்று எண்களுமே 37இன் மடங்குகள்; முறையே 120, 100, 50 தரம். அரசவை ஏடுகளிலிருந்து எடுத்த ஆண்டுக்கணக்கு இவ்வளவு ஒழுங்காக அமைவதில்லை. யாரோ ஒரு புலவர் அழகு கருதி அமைத்த எண்கள் இவை என்பதே என் முடிவு.

லெமூரியா என்பது வேறு இடத்திலிருந்து வந்தது. 1864இல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரில் வாழும் லெமூர் இனத்துக்கும் இந்தியாவில் கிடைத்த விலங்கினச் சான்றுகளுக்கும் உள்ள ஒற்றுமையை விளக்க, இடையில் ஒரு நிலப்பரப்பு இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து அந்தப் பெயரை வைத்தார். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்ற விளக்கம் 1960களில் நிலைபெற்ற பிறகு அந்த ஊகத்துக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. அதற்குள் நம் எழுத்தாளர்கள் அதைச் சிலப்பதிகார வரிகளோடு இணைத்துவிட்டிருந்தார்கள். அறிவியல் கைவிட்ட ஊகத்தை நாம் மட்டும் அறிவியலின் பெயரால் தாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இவற்றையெல்லாம் கழித்த பிறகும் மீதி இருப்பது சிறியதன்று. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அது உயர்ந்தபோது தமிழகக் கரையோரமும் இலங்கையை இணைத்த நிலமும் நீருக்குள் போயின. அதன் நேரடி நினைவுதான் சிலப்பதிகாரத்தில் உள்ளது என்று சொல்லச் சான்று இல்லை. ஆனால் புயலும் ஆழிப்பேரலையும் ஊர்களை விழுங்கிய அனுபவம் இந்தக் கரைக்குப் புதிதன்று. இழந்த நிலத்துக்காக ஏங்கும் மக்களின் குரலாக அந்த வரிகள் முழு உண்மை. அவற்றை வரைபடமாக்கி, எல்லைக்கோடு போட்டு, ஆண்டு எழுதும்போதுதான் அவை பொய்யாகின்றன. பழமைதான் வேண்டுமென்றால் கீழடியில் கிடைத்த பொருள்களின் காலத்தைத் தமிழகத் தொல்லியல் துறை கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோயிருக்கிறது. அது ஆய்வகத்தில் அளந்த காலம். யார் கேட்டாலும் மேசைமேல் எடுத்து வைக்கலாம்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் பக்தி குறைந்துவிடாதா?

கன்னட நாட்காட்டியின் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயில் முன்னால் ஒருமுறையாவது நின்று பார்க்கும்படி சொல்வேன். திகளர் சமூகத்தைச் சேர்ந்த ஓர் ஆண், பெண்ணுடை உடுத்து, வளையல் அணிந்து, மல்லிகைச் சரங்களால் கோபுரம்போல் எழும்பிய கரகத்தைத் தலையில் ஏந்தி நள்ளிரவுக்குப் பின் வெளியே வருகிறார். உருவிய வாள்களோடு வீரகுமாரர்கள் சூழ்ந்து ஓடுகிறார்கள். அசுரனை எதிர்க்கத் திரௌபதி தோற்றுவித்த படை அவர்கள் என்பதும், ஆண்டுக்கு ஒருமுறை மக்களிடம் திரும்பி வருவதாக அவள் வாக்களித்தாள் என்பதும் வழக்கிலுள்ள கதை. வியாசரின் பாரதத்தில் இந்தப் படை இல்லை. செஞ்சிப் பக்கத்தில் திரௌபதி அம்மனுக்குக் கூத்தும் தீமிதியும் நடத்தும் நம் மக்களுக்கு அந்த வழிபாட்டின் முகம் உடனே அடையாளம் தெரியும். கரகம் போகும் வழியில் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று செல்கிறது. அங்கே நிற்பவர் எவரும் திரௌபதியின் வருகைக்கு ஆண்டுக்கணக்கு கேட்பதில்லை. அவள் வந்திருக்கிறாள் என்பது அவர்கள் ஒப்பிக்கும் செய்தி அல்ல. ஓர் ஊர் முழுவதும் விழித்திருந்து செய்யும் செயல்.

காந்தியடிகள் சிறுவயதில் அரிச்சந்திர நாடகம் பார்த்து, ஏன் எல்லாரும் அரிச்சந்திரனைப்போல் உண்மை பேசக் கூடாது என்று ஏங்கியதைத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அரிச்சந்திரன் வரலாற்று மனிதனாக இருந்திருக்க முடியாது என்று இப்போது தம் அறிவு சொல்வதாகவும், இருந்தும் தமக்கு அவன் உயிரோடு இருப்பவனே என்றும் அதே இடத்தில் சேர்த்துச் சொல்கிறார். வாழ்நாள் முழுவதும் சத்தியத்தைச் சோதனை செய்த மனிதர், தமக்கு வழிகாட்டியவன் கற்பனை மனிதன் என்று ஒப்புக்கொள்ள அஞ்சவில்லை.

ஒரே கதை வெவ்வேறு விதமாக இருந்தால் எது உண்மையானது?

மூத்தது எது என்று ஆராயலாம். உண்மையானது எது என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனைப் பெரியபுராணம் திருவாரூரில் காட்டுகிறது. மகாவம்சம் என்ற பாலி நூல் அதே செயலை அனுராதபுரத்தை ஆண்ட எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்கிறது. எல்லாளன் அந்த நூலின் நாயகனுக்குப் பகைவன். பகைவனுக்கும் நீதி உண்டு என்று ஒரு பௌத்தத் துறவி எழுதிவைத்திருக்கிறார் என்பதே, ஊர்ச் சண்டையைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பிள்ளைகள் "நிஜமாவே நடந்துச்சா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

தெரிந்ததைச் சொல்லுங்கள். "இது கதைம்மா, ஆனா இதை ஆயிரம் வருஷத்துக்கு மேலா சொல்லிட்டு வர்றாங்க, ஏன்னு நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு நன்றாகவே பிடிபடும். நடந்தது என்று சொல்லி நம்பவைத்துவிட்டு, பன்னிரண்டு வயதில் அது தானாகக் கண்டுபிடிக்கும்படி விட்டால், கதையோடு சேர்த்து நம் பேச்சின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

பழைய கதையை நம் விருப்பப்படி மாற்றிச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம், கம்பரே மாற்றியிருக்கிறார். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரில் அவளைத் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போகிறான். ஒன்றை மட்டும் கடைப்பிடித்தால் போதும். மாற்றியது நீங்கள் என்று கேட்பவருக்குச் சொல்லிவிடுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் கோவலன் பிழைத்துக்கொள்ளும்படி ஒரு சிறுகதை எழுதி வாசித்தார். வாசிக்கும் முன்பே, இது இளங்கோவின் முடிவு அன்று, என்னுடையது என்று அறிவித்துவிட்டார். அதன் பிறகு நடந்த விவாதம் முழுவதும், கோவலன் பிழைத்திருந்தால் கண்ணகி பேசியிருப்பாளா என்பதைப் பற்றியதாகவே இருந்தது.